பிரஷர் மாத்திரையால் கால் வீங்குதா? நிறுத்துவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்

சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை, பனங்காடு, சிவதாபுரம் பக்கம் பட்டறைகளில் செய்யும் வெள்ளிக் கொலுசு நாடு முழுக்கப் போகிறது. அந்த ஊரில் கணுக்கால் வீக்கத்தை முதலில் காட்டிக்கொடுப்பதும் கொலுசுதான். காலையில் தளர்வாகக் கிடந்தது, சாயங்காலம் தோலில் அழுந்தி வரி போட்டிருக்கும். ஆண்களுக்கு அந்த வேலையைச் செருப்பு வார் செய்யும். "அந்தப் பிரஷர் மாத்திரை போட்டதுல இருந்துதானுங்க இப்படி" என்று பேச்சு ஆரம்பிக்கும். சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கும் மகனுக்கோ மகளுக்கோ வாட்ஸ்அப்பில் காலின் படம் வந்து விழும். கூடவே ஒரு கேள்வி: "மாத்திரையை நிறுத்திடட்டுமா?"

வேண்டாம். அவர்கள் சந்தேகப்படுவது பல நேரம் சரிதான். மாத்திரையால் கால் வீங்குவது உண்மை. ஆனால், அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும், மெடிக்கலில் சொல்லி 'நீர் மாத்திரை' வாங்கிப் போடுவதும் வீக்கத்தைவிடப் பெரிய வம்பில் கொண்டு போய் விடும்.

எந்த மாத்திரை இது?

பெரும்பாலும் அம்லோடிபின். பெயர் புதிதாகத் தெரிந்தால் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஸ்டாம்லோ, அம்லாங், அம்லோகைண்ட் என எந்த பிராண்டாக இருந்தாலும், சின்ன எழுத்தில் இந்தப் பெயர் இருக்கும். டெல்மா ஏஎம் போன்ற கூட்டு மாத்திரைகளில் டெல்மிசார்ட்டன் என்ற இன்னொரு மருந்தோடு சேர்ந்திருக்கும். நிஃபெடிபின் என்பதும் இதே குடும்பம்தான். 'கால்சியம் சேனல் பிளாக்கர்' என்பது குடும்பப் பெயர். ரத்தக் கொதிப்புக்கு மட்டுமல்லாமல், இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாய் அடைப்பால் வரும் நெஞ்சுவலிக்கும் இதைத் தருகிறார்கள். அதனால்தான் பல வீடுகளில் இதற்கு 'ஹார்ட் மாத்திரை' என்றே பெயர்.

அமெரிக்காவில் 1992-ல் அனுமதி பெற்ற மருந்து. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. விலை குறைவு, ஒரு நாளைக்கு ஒரு தடவை போட்டால் போதும், அடிக்கடி ரத்தப் பரிசோதனை வேண்டாம். அரசுத் திட்டங்களுக்கு இதைவிடத் தோதான மருந்து கிடைப்பது கடினம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில், சாமனப்பள்ளி என்ற ஊரில்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பட்டது. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகள் அதன் பிறகு வீட்டு வாசலுக்கே வர ஆரம்பித்தன. வேலைக்கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கு அது பெரிய விஷயம். ஒரு சின்னச் சிக்கலும் அதில் ஒளிந்திருக்கிறது. மாத்திரை வீடு தேடி வந்துவிட்டால், டாக்டர் முகத்தைப் பார்த்துப் பல மாதம் ஆகிவிடும். கால் வீக்கம் டாக்டர் காதுக்கே போகாது.

கால் ஏன் வீங்குகிறது?

மேட்டூர் அணையின் கிழக்குக் கரை, மேற்குக் கரை வாய்க்கால் பாசனம் தெரிந்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். வயலுக்குத் தண்ணீர் வரும் மடையை அகலமாகத் திறந்துவிட்டு, வெளியேறும் வடிகாலைப் பழைய அளவிலேயே வைத்திருந்தால் என்ன ஆகும்? வயலில் தண்ணீர் ஏறி வரப்போரம் கசியும். அம்லோடிபின் செய்வதும் அதுதான். இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுவரும் சிறிய குழாய்களை அது தளர்த்தி விரிக்கிறது. அதனால்தான் பிரஷர் குறைகிறது. ஆனால் ரத்தத்தைத் திரும்ப எடுத்துப்போகும் சிரைகளை அதே அளவுக்கு விரிப்பதில்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் முடி போன்ற நுண்குழாய்களில் அழுத்தம் கூடி, நீர் தசைக்குள் கசிகிறது. நிற்கும்போதும் உட்கார்ந்திருக்கும்போதும் நீர் கீழ்நோக்கித்தான் போகும். ஆகவே இரண்டு கணுக்காலிலும் வீக்கம், சாயங்காலம் அதிகம், படுத்து எழுந்தால் குறைவு.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. உடம்பில் நீர் பெரிதாகக் கூடிவிடவில்லை. இருக்கிற நீர்தான் இடம் மாறியிருக்கிறது. கிட்னி கெட்டுவிட்டது என்றோ, இதயம் பலவீனமாகிவிட்டது என்றோ இதற்குப் பொருள் இல்லை. மாத்திரை வேலை செய்கிறது. செய்கிற வேலையின் ஒரு பக்கம் காலில் தெரிகிறது, அவ்வளவுதான்.

எத்தனை பேருக்கு வரும்? அது மாத்திரையின் அளவைப் பொறுத்தது. மருந்தோடு வரும் அதிகாரப்பூர்வத் தகவல் தாளின்படி, சோதனைகளில் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 0.6 சதவீதம் பேருக்கு வீக்கம் இருந்தது. 2.5 மில்லிகிராம் எடுத்தவர்களில் 1.8 சதவீதம், 5 மில்லிகிராமில் 3 சதவீதம், 10 மில்லிகிராமில் 10.8 சதவீதம். 5-லிருந்து 10-க்குப் போகும்போது மூன்று மடங்குக்கு மேல் எகிறுவதைப் பாருங்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம்: 5.6-க்கு எதிராக 14.6 சதவீதம். வீட்டில் அம்மாவுக்கு வீங்குகிறது, அதே மாத்திரை போடும் அப்பாவுக்கு ஒன்றும் இல்லை என்றால் அதில் அதிசயம் எதுவும் இல்லை. மாத்திரை ஆரம்பித்த மறுநாளே வீக்கம் வர வேண்டும் என்றும் கிடையாது. சில வாரம், சில மாதம் கழித்து, கோடை வந்த பிறகு தலைகாட்டும். வெயிலில் ரத்தக் குழாய்கள் ஏற்கெனவே விரிந்திருக்கும் அல்லவா?

நிறுத்தினால் என்ன ஆகிவிடும்?

ஒன்றும் ஆகாது. அதுதான் பிரச்சினையே. அம்லோடிபின் உடலை விட்டு மெதுவாகத்தான் போகும். ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். நிறுத்திய முதல் சில நாள் பிரஷர் பெரிதாக ஏறாது. ஓரிரு வாரத்தில் காலும் வடிந்துவிடும். "பார்த்தியா, மாத்திரைதான் கெடுதல் பண்ணுச்சு, இப்ப நல்லா இருக்கேன்" என்று மனசு முடிவு கட்டிவிடும். அதன் பிறகு பிரஷர் சத்தமில்லாமல் பழைய இடத்துக்குப் போகும். 170, 180 இருந்தாலும் பலருக்கு ஒரு தலைவலிகூட வராது. அடுத்த முறை அது தெரியவரும்போது பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ இருக்கலாம்.

தமிழ்நாட்டில் 2020-ல் எடுக்கப்பட்ட 'ஸ்டெப்ஸ்' ஆய்வின்படி, பெரியவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு ரத்தக் கொதிப்பு இருந்தது. அவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம் மட்டுமே. ஏற்கெனவே நிலைமை இப்படி இருக்கும்போது, கால் வீக்கத்துக்காக இன்னும் பேர் மாத்திரையை விடுவது வயிற்றெரிச்சலான விஷயம். ஏனென்றால் வீக்கத்துக்கு வழி இருக்கிறது.

கூடுதலாக ஒரு எச்சரிக்கை. பிரஷர் மாத்திரையை விடுகிறவர்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும் சேர்த்தே விடுவார்கள். அந்தக் கூட்டத்தில் அட்டினோலால், மெட்டோப்ரோலால் போன்றவை இருந்தால், குறிப்பாக இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு, சட்டென்று நிறுத்துவது நெஞ்சுவலியையே வரவழைக்கும். அவற்றைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், அதுவும் டாக்டர் சொல்லி.

'நீர் மாத்திரை' என்ற பொறி

கால் வீங்கியிருக்கிறது என்றால் நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம், நீரை இறக்குவது. லாசிக்ஸ் என்று கேட்டால் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் தெரியும். இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோர்த்தவர்களுக்கு அது உயிர் காக்கும் மருந்து. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அம்லோடிபின் வீக்கத்துக்கு அது பெரிதாக உதவாது. மேலே சொன்ன வயல் கணக்கை நினைத்துப் பாருங்கள். பிரச்சினை அகலமாகத் திறந்த மடையில் இருக்கும்போது, அணையிலிருக்கும் தண்ணீரைக் குறைத்து என்ன பயன்?

பயன் இல்லாததோடு நிற்காது. சேலம் வெயிலில் ஏற்கெனவே வியர்வையில் உப்பும் நீரும் போய்க்கொண்டிருக்கும் 65 வயதுக்காரருக்கு நீர் மாத்திரையும் சேர்ந்தால் சோடியம், பொட்டாசியம் குறையும். எழுந்து நின்றால் தலை சுற்றும். ராத்திரி நாலு தடவை பாத்ரூம் போக எழுந்து, ஒரு தடவை வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறிவு. யூரிக் அமிலம் கூடிக் கால் பெருவிரலில் கீல்வாத வலி வரலாம். அதற்கு ஒரு மாத்திரை.

ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோய் என்று நினைத்து இன்னொரு மருந்து கொடுப்பதும், அதன் பக்கவிளைவுக்கு மூன்றாவது மருந்து கொடுப்பதும் நம் ஊர்க் கோளாறு மட்டும் இல்லை. கனடாவின் பவுலா ரோஷனும் அமெரிக்காவின் ஜெர்ரி கர்விட்ஸும் 1990-களிலேயே இதற்கு 'மருந்துச் சங்கிலி' என்ற பொருளில் ஒரு பெயரே வைத்தார்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் முதியவர்களிடம் நடந்து, 2020-ல் வெளியான ஓர் ஆய்வில், அம்லோடிபின் குடும்ப மாத்திரை புதிதாக ஆரம்பித்தவர்களுக்கு, மற்ற பிரஷர் மாத்திரை ஆரம்பித்தவர்களைவிட அடுத்த சில மாதங்களில் நீர் மாத்திரை எழுதப்படுவது அதிகமாக இருந்தது. அங்கே எழுதியவர்கள் டாக்டர்கள். இங்கே பல நேரம் கடை கவுண்டரிலேயே அது முடிந்துவிடுகிறது.

சேலம், நாமக்கல் பக்கம் இதைவிட மோசமான சங்கிலி ஒன்று ஓடுகிறது: வலி மாத்திரை. இளம்பிள்ளையில் விசைத்தறியில் நாள் முழுக்க நிற்பவர், நாமக்கல்லிலிருந்து லோடு ஏற்றி வடக்கே போகும் லாரி டிரைவர், திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் மாதக்கணக்கில் வெளி மாநிலத்தில் இருப்பவர், கோழிப்பண்ணையில் முட்டை எடுப்பவர். யாரைக் கேட்டாலும் முழங்கால், இடுப்பு வலிக்கு ஒரு மாத்திரை பையில் இருக்கும். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரைகள் உடலில் உப்பையும் நீரையும் தேக்கும், பிரஷரை ஏற்றும், கிட்னிக்கும் சுமை. கால் கனத்து வலிக்கிறது என்று வலி மாத்திரை போட்டால் வீக்கம் கூடும், பிரஷரும் ஏறும். அடுத்த முறை அளந்து பார்க்கும் டாக்டர், வலி மாத்திரை விஷயம் தெரியாமல் அம்லோடிபினை 5-லிருந்து 10 ஆக்குவார். வீக்கம் இன்னும் கூடும். மனிதர் ஒரு வட்டத்துக்குள் சுற்றிக்கொண்டிருப்பார்.

இதே போல் கால் வீக்கம் தரும் வேறு மருந்துகளும் வீட்டு டப்பாவில் இருக்கலாம். சர்க்கரைக்கான பயோகிளிட்டசோன், நரம்பு எரிச்சலுக்குத் தரும் பிரீகாபாலின், ஆஸ்துமா அல்லது மூட்டுவலிக்கு வாங்கும் ஸ்டீராய்டு. ஆகவே டாக்டரிடம் போகும்போது பிரஷர் அட்டையை மட்டும் எடுத்துப் போகாமல், டப்பாவையே கொண்டு போவது நல்லது.

மாத்திரையா, இதயமா?

நிஜமாகவே பயப்பட வேண்டிய வீக்கமும் உண்டு. அதைத் தவறவிடக் கூடாது.

மாத்திரை வீக்கம் இரண்டு காலிலும் ஏறக்குறைய ஒரே அளவில், கணுக்காலைச் சுற்றி இருக்கும். விரலால் பத்து நொடி அழுத்தினால் குழி விழலாம். மற்றபடி ஆள் வழக்கம்போல நடமாடுவார், மூச்சு வாங்காது. இதயம் பலவீனமாகி வரும் வீக்கத்தோடு மற்ற அறிகுறிகளும் சேர்ந்து வரும்: மாடிப்படி ஏற முடியாமல் இளைப்பு, தட்டையாகப் படுத்தால் மூச்சு முட்டி இரண்டு மூன்று தலையணை வைத்துக்கொள்வது, நடுராத்திரி மூச்சுத் திணறி எழுந்து உட்காருவது, மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் எடை கூடுவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர், இதயத்தின் பம்பிங் குறைவு என்று எக்கோவில் சொல்லப்பட்டவர் என்றால், வீக்கம் புதிதாக வந்தாலே காத்திருக்காமல் போய்விடுவது உத்தமம்.

ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்து, சூடாக இருந்தால் அது சிரையில் ரத்தம் உறைந்ததாக இருக்கலாம். நீண்ட தூரம் வண்டி ஓட்டியவர்களும் ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பவர்களும் இதில் அலட்சியம் காட்டக் கூடாது. அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. காலையில் கண் இமை உப்பி, சிறுநீரில் நுரை அதிகமாக இருந்தால் கிட்னியைப் பார்க்க வேண்டும். எனலாப்ரில், ராமிப்ரில் சாப்பிடுகிறவர்களுக்கு உதடு, நாக்கு, முகம் திடீரென வீங்கினால் அது வேறு ரகம், மூச்சுக்குழாய் அடைக்கக்கூடும். யோசிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். கர்ப்பிணிக்குக் கால் வீக்கமும் பிரஷரும் சேர்ந்து இருந்தால் இந்தக் கட்டுரையில் உள்ள எதுவும் பொருந்தாது. உடனே மருத்துவமனைதான்.

டாக்டர் என்ன மாற்றுவார்?

நிறையவே மாற்ற முடியும். முதலில், 10 மில்லிகிராமில் இருப்பவரை 5-க்கு இறக்கி, பிரஷருக்கு வேறொரு மருந்தைச் சேர்க்கலாம். அந்த 'வேறொன்று' டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன், எனலாப்ரில் வகையாக இருந்தால் இரட்டை லாபம். அவை சிரைகளையும் விரிப்பவை. வயலின் வடிகாலையும் திறந்துவிடுவது போல. அம்லோடிபின் வகையோடு இவற்றைச் சேர்த்தால் கால் வீக்க வாய்ப்பு சுமார் 38 சதவீதம் குறைவதாக, பல ஆய்வுகளைத் தொகுத்து 2011-ல் வெளியான அலசல் ஒன்று காட்டியது. கூட்டு மாத்திரை எழுதினால் "ஒண்ணுக்கு ரெண்டா மருந்து கொடுக்கறாங்க" என்று நினைக்க வேண்டியதில்லை.

இல்லையென்றால் மருந்தையே மாற்றலாம். ஜப்பானில் உருவான சில்னிடிபின் இதே குடும்பம்தான். ஆனால் வீக்கம் குறைவு. இந்திய டாக்டர்கள் அதை நிறையவே எழுதுகிறார்கள். அம்லோடிபினின் ஒரு பாதியை மட்டும் பிரித்து விற்கும் எஸ்-அம்லோடிபினும் கிடைக்கிறது. இரண்டுக்கும் சாதகமான ஆய்வுகள் உண்டு. ஆனால் அம்லோடிபினுக்குப் பின்னால் இருப்பது, 33 ஆயிரம் பேரை வைத்து நடந்து 2002-ல் முடிவு வெளியான 'ஆல்ஹாட்' போன்ற பிரம்மாண்ட சோதனைகள். ஆகவே வீக்கம் தொந்தரவே தராதவர்கள், புதுசு என்பதற்காக மாற வேண்டிய அவசியம் இல்லை.

தெரிந்தவர் போடுகிற மாத்திரையை வாங்கிப் போடுவதும், 10-ஐ நாமே பாதியாக உடைத்துப் போடுவதும் இதில் சேராது.

அதுவரை வீட்டில் என்ன செய்யலாம்?

சாயங்காலம் வேலை முடிந்ததும் படுத்துக்கொண்டு, கால்களைத் தலையணை மேல் இதயத்தைவிட உயரமாக இருபது நிமிடம் வைத்தால் கனம் குறையும். நாற்காலியில் உட்கார்ந்து காலை ஸ்டூலில் நீட்டுவது பாதி வைத்தியம்தான். தறியில் நிற்பவர்கள் அவ்வப்போது குதிகாலைத் தூக்கி இறக்கினால் கெண்டைத்தசை பம்ப் போல ரத்தத்தை மேலே தள்ளும். டிரைவர்கள் டீக்கு நிறுத்தும்போது ஐந்து நிமிடம் நடந்துவிட்டு ஏறலாம்.

இறுக்கமான காலுறை உதவும். ஆனால் காலுக்கு ரத்த ஓட்டம் குறைவாக இருந்தால் புண்ணாகிவிடும். சர்க்கரை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. வீங்கிய தோல் மெலிந்து சீக்கிரம் கீறும் என்பதால் செருப்பு வார் உரசும் இடத்தைத் தினமும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஊறுகாய், அப்பளம், கருவாடு குறைந்தால் பிரஷருக்கு நல்லது. ஆனால் மாத்திரை வீக்கம் அதனால் மட்டும் வடிந்துவிடாது. 'சோடியம் குறைந்த உப்பு' வாங்கித் தரும் பிள்ளைகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதில் இருப்பது பொட்டாசியம். டெல்மிசார்ட்டன், எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் எடுப்பவர்களுக்கும் கிட்னி பலவீனமானவர்களுக்கும் பொட்டாசியம் கூடினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

பார்லித் தண்ணீர், வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சி முள் கஷாயம் எல்லாம் கேள்வி கேட்காமல் வரும். அவை சிறுநீரைக் கூட்டுவதாக நம்பப்படுபவை. நீர் மாத்திரையே உதவாத இடத்தில் இவை என்ன செய்துவிடும்? பார்லிக் கஞ்சி குடிப்பதில் தப்பில்லை, மாத்திரைக்குப் பதிலாகக் குடிக்காதவரை.

போகும்போது போன் வேண்டும்

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானாலும், 2022-ல் திறக்கப்பட்ட நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரியானாலும், ஊர் ஆரம்ப சுகாதார நிலையமானாலும், ஓ.பி. சீட்டு வாங்குவது காலையில். இந்த வீக்கம் வடிந்திருப்பதும் அதே காலையில்தான். டாக்டர் அழுத்திப் பார்க்கும்போது குழியே விழாது. "வீக்கமே இல்லையேம்மா" என்பார்; அம்மாவும் பேசாமல் வந்துவிடுவார். அதனால் முதல் நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு இரண்டு காலும் தெரிய ஒரு படம், மறுநாள் எழுந்ததும் ஒரு படம். கூடவே மாத்திரை எந்தத் தேதியில் ஆரம்பித்தது, எப்போது அளவு கூட்டினார்கள், வீக்கம் எப்போது வந்தது என்று மூன்று வரி. வலி மாத்திரை பெயரையும் மறைக்காமல் எழுத வேண்டும். மாத்திரை கொண்டுவரும் சுகாதாரத் தன்னார்வலரிடமும் இதைச் சொல்லி வைக்கலாம். சந்தேகம் கேட்க 104 இருக்கிறது.

மாத்திரையை மாற்றிய பிறகு மறுநாளே கால் வடிய வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பழைய மருந்து உடலை விட்டுப் போகவே ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். வீக்கம் முழுக்கக் குறைய இன்னும் சில நாள் பிடிக்கலாம். அந்த இடைவெளியில், புது மாத்திரையில் பிரஷர் எவ்வளவு இருக்கிறது என்று இரண்டு மூன்று முறை அளந்து குறித்துவைத்தால், அடுத்த சந்திப்பில் டாக்டருக்கு வேலை பாதி முடிந்த மாதிரி.